சோப்புத் தண்ணீர்க்காரர்

ஸ்கேன் ஆரம்பித்து ஏழு நிமிடம்தான் ஆகியிருக்கும், மணி அடித்தது. எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் படுக்கிறவர்கள் கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுப்போம். மூச்சு முட்டினாலோ பயம் வந்தாலோ அதை அமுக்க வேண்டும். வெளியே எங்கள் அறையில் மணி அடிக்கும். நான் ஸ்கேனை நிறுத்திவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் உள்ளே ஓடினேன்.

"என்னாச்சுங்கண்ணா? முடியலையா?"

தலை கூண்டுக்குள், முகத்தில் மாஸ்க். கண்ணை மட்டும் உருட்டி என்னைப் பார்த்தார்.

"ஒன்னுமில்லீங்க அம்மணி. இருக்கீங்களான்னு பாத்தேனுங்க."

"நான் எங்கீங்க போவேன்?"

"அது எனக்கு எப்படீங்க தெரியும்? உள்ள படுத்திருக்கறவனுக்கு வெளிய என்ன நடக்குதுன்னு தெரியாதில்லீங்களா?"

அதோடு அவரை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காமல் போயிற்று. அதை மறைக்காமல் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். எம்.ஆர்.ஐ. டெக்னீஷியனாக எத்தனையோ பேரை அந்தக் குகைக்குள் அனுப்பி எடுத்திருக்கிறேன். அழுதவர்கள் உண்டு, தூங்கி குறட்டை விட்டவர்கள் உண்டு, சாமி பாட்டுப் பாடியவர்கள்கூட உண்டு. நான் விழித்திருக்கிறேனா என்று பரிசோதிக்க மணி அடித்தவர் அவர் ஒருத்தர்தான்.

பேர் வேண்டாம். காரமடையில் மேட்டுப்பாளையம் ரோட்டின் மேலேயே அவருக்கு ஒரு வெல்டிங் பட்டறை. கேட், ஜன்னல் கிரில், டிராக்டர் டிரெய்லர், கேஸ் வைத்து இரும்பு வெட்டுகிற வேலை. ஐம்பத்திரண்டு வயது. மூளையின் இடது பக்கத்தில் கட்டி. வேறொரு ஆஸ்பத்திரியில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டார்கள். மீதி, வலது கையை அசைக்கிற இடத்தோடு ஒட்டிக்கொண்டு இருந்ததால் கத்தி வைக்க முடியாமல் விட்டுவிட்டார்கள். அந்த மீதிக்குக் கதிர் சிகிச்சை எடுக்கத்தான் எங்களிடம் வந்தார்.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரும் முன் நாலு காலையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பார். தண்ணீர் பாட்டில் வாங்கினால் கவிழ்த்துப் பிடித்து, மூடியோரம் ஈரம் கசிகிறதா என்று கொஞ்ச நேரம் பார்ப்பார். லிஃப்டுக்குள் ஏறியதும் கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று ஒட்டியிருக்கிற தாளைப் படிப்பார், தேதி சரியில்லை என்றால் இறங்கி படியில் வருவார். தலையில் தையல் போட்ட வடுவோடு மூன்று மாடி. பின்னாலேயே அவர் சம்சாரம், ஃபைலையும் பையையும் தூக்கிக்கொண்டு.

அந்தம்மா சிரித்த முகம். நான் எரிச்சலில் உர்ரென்று இருந்ததைப் பார்த்து ஒருநாள் பக்கத்தில் வந்து சொன்னார்.

"நீங்க ஒன்னும் நெனச்சுக்காதீங்க அம்மணி. அவரு ஆரம்பத்துலிருந்தே அப்படித்தானுங்க. என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ, தோட்டத்துல நூறு தென்னை இருக்குதுன்னு எங்கப்பன் சொன்னாருங்க. இவரு கை கழுவற சாக்குல பின்னாடி போயி ஒட்டுக்கா எண்ணிப்போட்டு வந்து, 'தொண்ணூத்தேழுதானுங்களே இருக்குது'ன்னாரு."

"அப்புறம் எப்படிங்கக்கா கல்யாணம் ஆச்சு?"

"எங்கப்பன் மறுக்கா போயி எண்ணுனாருங்க. தொண்ணூத்தேழுதான். 'இப்படிப்பட்டவன் கையில பொண்ணக் குடுத்தா ஏமாற மாட்டா'ன்னு அவரே முடிவு பண்ணிப்போட்டாரு."

அவர் கன்சென்ட் படிவத்தைப் படித்ததையும் சொல்ல வேண்டும். பொதுவாக எல்லாரும் எங்கே கையெழுத்து என்று மட்டும்தான் கேட்பார்கள். இவர் ஆறு பக்கத்தையும் சம்சாரத்துக்கு உரக்கப் படித்துக் காட்டினார். பாதியில் நிறுத்தி என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க அம்மணி, 'பெரும்பாலும் பாதுகாப்பானது'ன்னு போட்டிருக்கீங்களே. இந்தப் பெரும்பாலும் எதுக்குங்க?"

"எல்லாத்துலயும் அப்படித்தாங்க போடுவாங்க."

"நானு ஒரு கேட்டு வச்சுக் குடுத்துட்டு, பெரும்பாலும் விழாதுன்னு சொன்னா நீங்க வாங்குவீங்களா?"

பதில் வராத கோபம் இருக்கிறதே, அது தனி.

சும்மா சொல்லக்கூடாது, சந்தேகத்தை முதலில் ஆரம்பித்தது நான்தான். இரும்பு வேலை செய்கிறவர்களின் கண்ணுக்குள் பொடித்தூள் தங்கியிருந்தால் எம்.ஆர்.ஐ. காந்தம் அதை இழுத்துப் பார்வையையே கெடுத்துவிடும். அதனால் கேட்டாக வேண்டும். கேட்டேன். கண்ணில் எதுவும் பட்டதில்லை, ஆபரேஷனுக்குப் பிறகு பட்டறைப் பக்கமே போகவில்லை என்றார். நகக்கண்ணைப் பார்த்தேன், கறுப்பு. சம்சாரத்தைப் பார்த்தேன், அந்தம்மா சுவரில் மாட்டியிருந்த காலண்டரை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, உண்மையச் சொல்லுங்க."

"ஒருக்கா போனேனுங்க. சும்மா பாக்கறதுக்கு."

"கிரைண்டரைத் தொட்டீங்களா?"

"தொட்டாத்தானுங்க பாத்த மாதிரி."

கண்ணுக்கு எக்ஸ்ரே எடுக்க அனுப்பினேன். ஒரு தூள்கூட இல்லை. ஃபிலிமைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தவர், ஜெயித்துவிட்டவர் மாதிரி அதை என் மேஜைமேல் வைத்தார்.

"நீங்க என்னைய நம்பலை, போட்டோ புடிச்சுப் பாத்தீங்க. தப்பில்லீங்க. அதே மாதிரி நானும் உங்களைய நம்போணுமுன்னு எதிர்பாக்காதீங்க."

அவருக்கு எடுத்தது வழக்கமான ஸ்கேன் இல்லை. கட்டிக்குள் ஆக்சிஜன் எந்த இடத்துக்குப் போகிறது, எந்த இடத்துக்குப் போகவில்லை என்று அளக்கிற ஸ்கேன். முதலில் சாதாரணக் காற்றை சுவாசிக்க வைத்துப் படம் எடுப்போம். பிறகு குழாய் வழியாக மாஸ்க்குக்கு ஆக்சிஜனைத் திருப்பிவிட்டு மறுபடி எடுப்போம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கம்ப்யூட்டர் நிறமாகக் காட்டும். ஆக்சிஜன் ஏறிய இடம் சிவப்பு, ஏறாத இடம் நீலம். ஆக்சிஜன் ஏறாத கட்டி கதிருக்கு சீக்கிரம் அடங்காது. அப்படி நீலமாக வருகிற இடத்துக்கு மட்டும் கூடுதல் கதிர் வைத்துப் பார்ப்பது என்று எங்கள் டாக்டர் ஓர் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். அதில் இவரும் சேர்ந்திருந்தார்.

கூடுதல் கதிர் சும்மா வராது. டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். கட்டி, கையை அசைக்கிற இடத்தை ஒட்டி இருக்கிறது, அங்கே அதிகமாகக் கொடுத்தால் வலது கை வலுவிழந்து போகலாம், போனால் திரும்பாது என்றார். அவர் தன் வலது கையை மேஜைமேல் வைத்து விரல்களை விரித்துப் பார்த்தார். தீப்பொறி பட்ட பழைய வடுக்கள் புறங்கை முழுக்க இருந்தன.

"அப்ப நீங்க அளக்கறதுலதானுங்க என்ற கை இருக்குது."

"ஆமா," என்றார் டாக்டர்.

"அப்ப நல்லா அளங்க."

இனி என் பெருமையைச் சொல்கிறேன். மாஸ்க்கையும் குழாயையும் இணைக்க ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு வரும். வெளிநாட்டுச் சாமான். அது விரிசல் விட்டுவிட்டது. கம்பெனியில் கேட்டால் வர ஐந்து வாரம் ஆகும் என்றார்கள். கோயம்புத்தூரில் ஒரு சாமான் உடைந்தால் யார் ஐந்து வாரம் காத்திருக்கிறார்கள்? கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போய்விடுவோம். எங்கப்பா பம்ப்செட் கம்பெனியில் ஃபிட்டராக இருந்தவர். அந்தத் திமிர் எனக்கும் கொஞ்சம் உண்டு. அளவு எடுத்து, படம் போட்டு, கணபதி ஏரியாவில் ஒரு லேத்தில் கொடுத்து நைலானில் கடைந்து வாங்கி வந்தேன். வெள்ளை வெளேரென்று, தொட்டால் வழுக்கும். டாக்டர் அதைக் கையில் உருட்டிப் பார்த்து, "ஒரிஜினலை விட நல்லா இருக்கேம்மா," என்றார். இரண்டு நாள் நான் தரையில் நடக்கவில்லை.

இவர் மட்டும்தான் அதை நகத்தால் சுரண்டினார்.

"இது கம்பெனி பீஸ் இல்லீங்களே. நம்மூருல கடைஞ்சதுங்க."

"எப்படித் தெரியும்?"

"டூல் ஓடுன வரி தெரியுதுங்களே. உள்ளுக்குள்ள ரப்பர் ரிங்கு உக்காரக் காடி எடுத்திருக்குதுங்களா?"

"ரிங் எல்லாம் வேண்டாங்க. நல்லா டைட்டா இருக்குது."

"குமிழி உட்டுப் பாத்தீங்களா?"

"என்னது?"

"சோப்புத் தண்ணி தொட்டு வெச்சுப் பாக்கோணுமுங்க. கேஸ் கசிஞ்சா குமிழி வரும். மீட்டரு பொய் சொல்லும், மனுசன் பொய் சொல்லுவான். குமிழிக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க."

"இது ஆஸ்பத்திரிங்கண்ணா, பட்டறை இல்லை."

"ஆக்சிஜன் ரெண்டு எடத்துலயும் ஒன்னுதானுங்களே," என்றவர் என் பின்னலைப் பார்த்தார். "தேங்காயெண்ணெ வெச்சுட்டு ஆக்சிஜன் பக்கத்துல வாரீங்க. நாங்க எண்ணெக் கையில வால்வைத் தொட மாட்டோமுங்க. நானு வாறதுக்கு முன்னாடியே தலைக்கு அரப்புத் தேச்சுக் குளிச்சுப்போட்டுத்தான் வந்தேன்."

அப்படிக் கடுகடுத்த மனதோடுதான் அந்த முதல் ஸ்கேனை எடுத்தேன். ஏழாவது நிமிடத்தில் மணி. மறுபடி முதலிலிருந்து. வெளியே வந்ததும் கழுத்தைத் தடவிக்கொண்டே, "இங்கன சில்லுன்னு காத்து அடிச்சுதுங்க," என்றார். ஏசி என்று சொல்லி அனுப்பினேன்.

அன்று மதியம் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டேன். கட்டி நீலமாக இருந்தது. அது போகட்டும், கட்டி நீலமாக வருவது நடக்கிறதுதான். ஆனால் தலையின் வலது பக்கம், ஒரு நோயும் இல்லாத பக்கம், அதுவும் சோகை பிடித்த மாதிரி வெளிறிக் கிடந்தது. ஆக்சிஜன் சரியாகப் போயிருந்தால் அந்தப் பக்கம் நன்றாகச் சிவந்திருக்க வேண்டும். நான் அதைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதை இத்தனை வருடம் கழித்தும் என்னால் மாற்றிச் சொல்ல முடியவில்லை. பார்த்துவிட்டு, 'இந்த மனுசன் ஆடி அசைந்து மணி அடித்துக் கெடுத்துவிட்டான்' என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே டாக்டருக்கு அனுப்பிவிட்டேன். டாக்டர் கட்டியைப் பார்த்தார். எல்லாரும் கட்டியைத்தான் பார்ப்பார்கள். கூடுதல் கதிர் என்று முடிவானது, அடுத்த திங்கட்கிழமை ஆரம்பம்.

வியாழக்கிழமை அவர் வந்தார். அன்று அவருக்கு எங்களிடம் எந்த வேலையும் இல்லை. காரமடையிலிருந்து பஸ் ஏறி, அதற்காகவே வந்திருக்கிறார். சட்டைப் பையிலிருந்து கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிற மாதிரி ஒரு குட்டி பாட்டிலை எடுத்து என் மேஜைமேல் வைத்தார்.

"சோப்புத் தண்ணீங்க. எண்ணெச் சத்து இல்லாத சோப்பாப் பாத்துக் கரைச்சிருக்கேன். அந்த நைலான் பீஸுல ரெண்டு சொட்டு உட்டுப் பாத்துப்போட்டுச் சொல்லுங்க."

"டாக்டர் முடிவு பண்ணிட்டாருங்க. அவர்கிட்டப் பேசுங்க."

"டாக்டரு படத்தப் பாத்து முடிவு பண்ணுனாரு. படம் புடிச்சது நீங்கதானுங்களே."

காத்திருந்தவர்கள் எல்லாரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் முகம் சூடேறிவிட்டது.

"உங்களுக்கு யாரையுமே நம்பத் தெரியாதாங்கண்ணா? பத்து வருசமா இந்த வேலை பாக்கறேன். வர்றவங்க எல்லாம் என்னை நம்பித்தான் உள்ள படுக்கறாங்க."

அவர் கோபப்படவில்லை. குரல் இன்னும் இறங்கியது.

"அம்மணி, நானு நம்புனா என்ற கை தங்குமுன்னு சொல்லுங்க, இப்பவே நம்பறேனுங்க."

அப்படியே திரும்பி நடந்தார். பாட்டில் மேஜையிலேயே இருந்தது. எடுத்துக் குப்பைக்கூடையில் போடத்தான் கையை நீட்டினேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் கேன்டீனுக்குப் போனார்கள். நான் மட்டும் டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அந்த வெளிறிய வலது பக்கம் கண்ணுக்குள்ளேயே நின்றது. எழுந்து போய், மெஷினுக்கு வெளியே இருக்கிற தயாரிப்பு அறையில், சுவரிலிருந்து வருகிற ஆக்சிஜன் குழாயில் என் நைலான் துண்டையும் மாஸ்க்கையும் மாட்டி, அன்று வைத்த அதே அளவுக்கு வால்வைத் திருகினேன். சுவர் மீட்டர் சரியாகவே காட்டியது. இரண்டு சொட்டு விட்டேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. எனக்குச் சிரிப்புகூட வந்தது. பிறகு, இணைப்பின் அடிப்பக்கம், கழுத்தைப் பார்த்து இருக்கிற இடத்தில், ஒரு குமிழி மெல்ல உப்பியது. அது உடைவதற்குள் பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் சின்னச் சின்னதாக வரிசையாக, நிற்காமல் வந்தன. சில்லென்று காற்று அடித்ததாக அவர் தடவிக் காட்டிய இடம் அதுதான். ஆக்சிஜன் வெளியே போன வழியில், அவர் மூச்சை இழுத்தபோதெல்லாம் அறைக்காற்று உள்ளே புகுந்திருக்கிறது. நாங்கள் ஆக்சிஜன் என்று நினைத்து அளந்ததில் பாதி வெறும் காற்று.

வால்வை மூடினேன். அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதை அழகாக்கிச் சொல்ல மாட்டேன். துடைத்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்றுதான் முதலில் தோன்றியது. துணியைக்கூட எடுத்தேன். வேலை போய்விடும், போகாவிட்டாலும் இனி யார் என்னை நம்புவார்கள் என்று தோன்றியது. அப்போதுதான், நானும் நம்பிக்கை என்கிற அந்த வார்த்தையையே பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று உறைத்தது. துணியைப் போட்டுவிட்டு டாக்டர் அறைக்கு நடந்தேன்.

டாக்டர் வந்து பார்த்தார். மறுபடி சொட்டு விடச் சொன்னார், மறுபடி குமிழி வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்லா இருக்குன்னு நானும்தானே சொன்னேன்," என்றார்.

அந்த நைலான் துண்டோடு எடுத்த இன்னொரு நோயாளியையும் திரும்பக் கூப்பிட்டோம். எனக்கு ஒரு மெமோ வந்தது. பெங்களூரில் இதே வேலை செய்கிற ஒரு சென்டரில் கெஞ்சி, அவர்களிடம் உபரியாக இருந்த கம்பெனி பீஸை பஸ் பார்சலில் வரவழைத்தோம். சனிக்கிழமை காலை அவர் வந்தபோது நானே குழாயை மாட்டி, பாட்டிலை அவர் கையில் கொடுத்தேன். சொட்டு விட்டார். குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். அப்புறம் சம்சாரத்தைக் கூப்பிட்டு அந்தம்மாவையும் பார்க்கச் சொன்னார்.

"வர்லீங்க," என்றார் கடைசியில், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

ஸ்கேன் நடுவில் அன்றும் மணி அடித்தது. இந்த முறை நான் ஓடவில்லை. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் மைக்கில், "இருக்கேனுங்கண்ணா, இங்கயேதான் இருக்கேன்," என்றேன்.

படம் வந்தது. வலது பக்கம் நன்றாகச் சிவந்திருந்தது. கட்டியும் பெரும்பகுதி சிவந்திருந்தது. ஓரமாக, ஒரே ஒரு மூலை மட்டும் நீலம். கைக்கு ரொம்பப் பக்கத்து மூலை. டாக்டர் அவரை உட்கார வைத்து இரண்டு படத்தையும் காட்டினார். கூடுதல் கதிர் தேவைப்படாது என்றுதான் தோன்றுகிறது, ஆனால் அந்த மூலையைப் பற்றி உறுதி சொல்ல முடியாது, அதற்காகக் கையைப் பணயம் வைக்க வேண்டுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார்.

அவர் டாக்டரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நானு அன்னிக்கு அத்தன கேள்வி கேட்டதுக்காக நெறத்தை மாத்திப்போட்டீங்களா அம்மணி?"

நல்ல சேதியையும் சந்தேகப்பட்டார், பாருங்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கம்ப்யூட்டரைத் திறந்து, அவர் கண் முன்னாலேயே இரண்டு கணக்கையும் முதலிலிருந்து ஓட்டிக் காட்டினேன். அரை மணி நேரம் அசையாமல் பார்த்தார்.

"குமிழி வந்ததை நீங்களாத்தான் போயி டாக்டருகிட்டச் சொன்னீங்களா?"

"ஆமாங்க."

"சோலி போயிருமுன்னு தோணலீங்களா?"

"தோணுச்சுங்க."

அவர் டாக்டரைப் பார்த்து, "கூடுதல் வேண்டாமுங்க. அந்த மூலையை அப்படியே உடுங்க. இது என்ற முடிவு," என்றார். சொன்னதோடு விடாமல் தாள் வாங்கி எழுதி, தேதி போட்டு, ஒரு பிரதி எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

வழக்கமான கதிர் முடிந்து ஊருக்குப் போனார். அவ்வப்போது பரிசோதனைக்கு வருவார், கட்டி அடங்கியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டு போவார். பதினைந்து மாதம் அப்படி ஓடியது. அதன் பிறகு வந்த ஒரு ஸ்கேனில் கட்டி மறுபடி வளர்ந்திருந்தது. எங்கிருந்து கிளம்பியிருந்தது என்று பார்த்தேன். அந்த நீல மூலை.

அன்றிலிருந்து சந்தேகம் என்னைப் பிடித்துக்கொண்டது. நான் குமிழியைத் துடைத்துவிட்டுப் போயிருந்தால், தப்பான அளவை நம்பியே டாக்டர் கூடுதல் கதிர் கொடுத்திருப்பார். கை போயிருக்கும். ஆனால் அந்த மூலை கருகியிருக்குமோ? உயிர் இன்னும் கொஞ்சம் நீண்டிருக்குமோ? டாக்டரிடம் கேட்டேன். யாராலும் சொல்ல முடியாதும்மா என்றார். அது உண்மையான பதில்தான். உண்மையான பதிலை வைத்துக்கொண்டு தூங்க முடிவதில்லை.

கடைசியாக அவர் வந்தது மறுபடி ஆக்சிஜன் அளவு பார்க்க. இளைத்திருந்தார். சம்சாரம் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். லிஃப்டில் ஏறியே வந்தார், தாளைப் படிக்கவில்லை. நாற்காலியை அழுத்திப் பார்க்காமல் பொத்தென்று உட்கார்ந்தார். பக்கத்தில் போய்க் குனிந்து, மனதில் இருந்ததைக் கேட்டே விட்டேன்.

"அண்ணா, அன்னிக்கு நான் பேசாம இருந்திருந்தா நல்லா இருந்திருக்குமோன்னு தோணுதுங்க."

அவர் என்னைப் பார்த்தார்.

"என்ற பொண்ணு துடியலூர்ல ஊடு கட்டிச்சுங்க. அதுக்கு இரும்புக் கேட்டு நாந்தேன் வெச்சேன், கதிரு முடிஞ்சு போனதுக்கப்புறம், இந்தக் கையில. பத்தடி அகலமுங்க. ஒரு ஜாயிண்டுல பிசிறு காட்டுங்க பாக்கலாம்." மூச்சு வாங்கிக்கொண்டார். "நாஞ் சொல்றேன்னு நம்ப வேண்டாம். நேருல போயி ஆட்டிப் பாத்துக்குங்க."

படுக்க வைத்தேன். கட்டி மறுபடி வளர்ந்ததில் வலது கை சோர்ந்து கிடந்ததால் ரப்பர் பந்தை இடது கையில் கொடுத்தேன். அவர் அதை மெதுவாக வயிற்றின் மேல் உருட்டி வலது கைக்கு மாற்றிக்கொண்டார். என் மேல்சட்டைப் பையில் அந்தக் குட்டி பாட்டில் இருந்தது. தீரத் தீர நானே கரைத்து நிரப்பி வைத்துக்கொள்கிறேன், இன்றும். எடுத்துக் காட்டினேன்.

"பாக்கறீங்களாங்கண்ணா?"

"நீங்க பாத்துட்டீங்களா அம்மணி?"

"காலையிலேயே பாத்துட்டேனுங்க."

"அப்புறமென்னங்க. மாட்டி உடுங்க."

மாஸ்க்கை மாட்டிவிட்டு வெளியே வந்தேன். ஆரம்பித்தேன். ஏழாவது நிமிடம் வந்தது. மணிக்காகக் காத்திருந்தேன். எட்டு, ஒன்பது, பத்து. எந்த நோயாளியும் மணி அடிக்காமல் இருந்தால் எங்களுக்கு நிம்மதி. அன்று எனக்கு அந்த அமைதி தாங்கவில்லை. சண்டைக்கு வந்த மனுசன், நூறு தென்னையை நம்பாமல் எண்ணிய மனுசன், என்னை நம்பிவிட்டு அங்கே படுத்திருக்கிறார். ஒரு படம் முடிந்து மெஷின் சத்தம் நின்றதும் மைக்கை அழுத்தினேன்.

"அண்ணா... இருக்கீங்களா?"

பதில் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவருடைய கால் இரண்டும் போர்வையும்தான் தெரிந்தன. நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

மணி அடித்தது. ஒரே ஒரு தடவை. எட்டிப் பார்த்தேன். போர்வையின் ஓரத்தில் அவருடைய வலது கை விரல்கள் பந்தை அமுக்கிப் பிடித்திருந்தன.